கப்பலுக்கு ஒரு உண்டியல்

கோயில் கும்பாபிஷேகத்துக்கு ரசீது புக்கைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்கியிருக்கேன். தெருப்பசங்க கிரிக்கெட் டீமுக்கு மட்டை வாங்க வசூல் பண்ணி, அதுல பாதியை பரோட்டா கடையில கரைச்ச வரலாறும் உண்டு. ஆனா ஒரு கப்பலுக்கு உண்டியல் வச்சு நான் பார்த்தது 2019ல தான். இங்கே கிளாஸ்கோவில்.

ஆபீஸ் பக்கத்துல ஒரு டீக்கடை. (சரி, கஃபே. சூடா ஏதோ குடிக்கிற இடம் எல்லாம் எனக்கு டீக்கடைதான்.) கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடியில ஓட்டை, மேலே கப்பல் படம். சிவப்பு, வெள்ளை, கறுப்பு அடிச்ச ரெண்டு புகைபோக்கி, பக்கவாட்டுல பெரிய அரைவட்டமா ஒரு மூடி. 'வேவர்லிக்கு புது பாய்லர் வாங்க உதவுங்க'ன்னு எழுதியிருந்தது. பாய்லர்னா எனக்கு எங்க பாட்டி வீட்டு செப்பு வெந்நீர் பாய்லர்தான் ஞாபகம் வரும். அது ஓட்டையானா ஈயம் பூசறவரைக் கூப்பிடுவாங்க. இங்கே கேட்ட தொகை 23 லட்சம் பவுண்டு!

கப்பல் வச்சிருக்கவன் பணக்காரன், அவனுக்கு எதுக்கு நான் சில்லறை போடணும்? இதுதான் முதல்ல தோணுச்சு. உங்களுக்கும் அப்படித்தான் தோணும்னு நினைக்கிறேன். கொஞ்சம் பொறுங்க.

எங்க ஆபீஸ் வாசல்ல ஒரு செக்யூரிட்டி தாத்தா இருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து "குட் மார்னிங்"குக்கு மேல ஒரு வார்த்தை பேசினதில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில இந்தக் கப்பலைப் பத்திக் கேட்டேன். அவ்வளவுதான், மனுஷன் இருபது நிமிஷம் பேசினார். ஜூலை மாசம் இந்த ஊர்ல தொழிற்சாலை, கப்பல் பட்டறை எல்லாத்தையும் மொத்தமா மூடி ரெண்டு வாரம் லீவு விடுவாங்களாம். 'கிளாஸ்கோ ஃபேர்'னு பேரு. அப்ப மொத்தக் குடும்பமும் மூட்டை முடிச்சோட நீராவிக் கப்பல் ஏறி, கிளைட் ஆத்தோட கடல் பக்கம் போயி, ரோத்சே, டனூன் மாதிரி ஊர்கள்ல தங்கிட்டு வருமாம். 'தண்ணியோட கீழே போறது'ன்னு அதுக்கு ஊர்ப் பேச்சுல தனியா ஒரு சொலவடையே உண்டு. அவரோட அம்மா கப்பல்ல வாங்கிக் குடுத்த ஐஸ்க்ரீமைப் பத்திச் சொல்லும்போது அவருக்கு எழுபது வயசுன்னு நம்பவே முடியலை.

"நீ போட்டியா?"ன்னு கேட்டார். போடலை. அன்னிக்கு சாயங்காலம் போய் ரெண்டு பவுண்டு போட்டேன். வெட்கத்துக்காகப் போட்டது, ஒத்துக்கறேன்.

சரி, கப்பல் கதைக்கு வருவோம்.

வேவர்லி, துடுப்புச் சக்கரம் வச்ச நீராவிக் கப்பல். ரெண்டு பக்கமும் பெரிய சக்கரம் சுத்தி தண்ணியைத் தள்ளும். அந்த அரைவட்ட மூடிக்குள்ள இருக்கறது அதுதான். கடல்ல பயணிகளை ஏத்திக்கிட்டு ஓடற துடுப்புச் சக்கரக் கப்பல்கள்ல உலகத்துலயே கடைசியா மிஞ்சினது இது ஒண்ணுதான். இதுக்கு முன்னாடி இதே பேர்ல, 1899ல கட்டின ஒரு கப்பல் இருந்தது. அது 1940ல டன்கிர்க்ல இருந்து படைவீரர்களை மீட்கப் போன இடத்துல குண்டு பட்டு மூழ்கிடுச்சு. அதுக்குப் பதிலா கட்டினதுதான் இது. 1946 அக்டோபர்ல ஆத்துல இறக்கினாங்க, 1947 ஜூன்ல ஓட ஆரம்பிச்சது. 240 அடி நீளம். பேர் வால்டர் ஸ்காட் எழுதின நாவலோட பேர்.

அப்புறம் கார் வந்தது. காரை ஏத்திக்கிட்டுப் போற ஃபெர்ரி வந்தது. ஜனங்க லீவுக்கு ஸ்பெயினுக்கு விமானம் ஏற ஆரம்பிச்சாங்க. கூட ஓடின நீராவிக் கப்பல் எல்லாம் ஒண்ணொண்ணா உடைப்புக்குப் போயி, 1973 சீசன் முடிஞ்சதும் வேவர்லியையும் நிறுத்திட்டாங்க. 1974ல ஒரு பவுண்டு விலைக்கு, துடுப்புக் கப்பல்களைப் பாதுகாக்கிற ஆர்வலர் சங்கம் ஒண்ணுகிட்ட குடுத்துட்டாங்க. ஆமா, ஒரே ஒரு பவுண்டு. எங்கயாவது ஓரமா நிறுத்தி, சுத்திக் காமிப்பாங்கன்னுதான் எல்லாரும் நினைச்சிருக்காங்க. அந்த ஆர்வலர்களுக்கு வேற நினைப்பு. ஊர் ஊரா நிதி கேட்டு, லீவு நாள்ல வந்து துருவைச் சுரண்டி, பெயின்ட் அடிச்சு, 1975 மே 22ஆம் தேதி ஓட விட்டுட்டாங்க.

நம்ம ஆளுங்க பழைய அம்பாசடரை வச்சு மல்லாடறது மாதிரிதான் அதுக்கப்புறம். 1977ல டனூன் பக்கத்துல பாறையில மோதிச்சு. தப்பிச்சது. 1981ல பாய்லர் மாத்தினாங்க. 2000லயும் 2003லயும் லாட்டரிப் பணத்துல இருந்து வர்ற பாரம்பரிய நிதி கிடைச்சு, பிரிச்சு மேஞ்சாங்க. கடைசியா 2019 மே மாசம், பாய்லர் தாங்காது, இந்த வருஷம் ஓட்டமே இல்லைன்னு அறிவிப்பு வந்தது. நான் பார்த்த உண்டியல் அதுக்குத்தான்.

வீட்டுக்கு வந்து தங்கமணிகிட்ட சொன்னேன்.

"23 லட்சம் பவுண்டா? அந்தக் காசுல எத்தனை பிள்ளைங்களைப் படிக்க வைக்கலாம்? ஒரு ஓட்டைக் கப்பலுக்கா?"

நியாயமான கேள்வி. இன்னிக்கு வரைக்கும் முழு பதில் என்கிட்ட இல்லை. "ரெண்டுக்கும் குடுக்கலாமே"ன்னு முனகினேன். "முதல்ல வீட்டு பாய்லர் சர்வீஸுக்கு ஆளைக் கூப்பிடுங்க"ன்னு பதில் வந்தது. :-)

ஆனா ஒண்ணு கவனிச்சேன். எங்க ஊர் வசூல்ல பெரிய தொகை குடுக்கறவருக்குக் கல்வெட்டு, சின்னத் தொகைக்கு டியூப்லைட்ல 'உபயம்'. வெளிச்சமே வெளிய வராத அளவுக்கு டியூப்லைட் முழுக்கப் பேர் எழுதியிருக்கும். இங்கே அந்தப் பிளாஸ்டிக் டப்பாவுல காசு போட்டவங்க யாருக்கும் பேர் கிடையாது. அதுல விழுந்ததெல்லாம் பெரும்பாலும் சில்லறை. சின்னப் பிள்ளைங்க கூட அம்மாகிட்ட வாங்கிப் போட்டுட்டுப் போறதைப் பார்த்தேன். அந்த வருஷ டிசம்பர்ல ஸ்காட்லாந்து அரசு பத்து லட்சம் பவுண்டு தர்றதா சொன்னதும் இலக்கு எட்டிடுச்சு. அரசாங்கம் குடுத்ததுதான் பெரிய தொகை, மறுக்கலை. ஆனா அதுக்கு முன்னாடி ஆறு மாசமா ஜனங்க டப்பாவை நிரப்பிக் காமிக்கலைன்னா அரசாங்கம் திரும்பிப் பார்த்திருக்குமாங்கறது சந்தேகம். தேர் தானா ஓடாது, முதல்ல நாலு பேர் வடத்தைத் தொடணும்.

2020ல புகைபோக்கியைக் கழட்டி, பழைய பாய்லரை வெளிய எடுத்து, புதுசு ரெண்டை இறக்கினாங்க. கப்பல் தயார். ஊரடங்கு! கொரோனா வந்து எல்லாத்தையும் மூடிட்டாங்க. மறுபடியும் நிதி கேட்டாங்க. ஒருவழியா ஆகஸ்ட்ல ஓட ஆரம்பிச்சு, ரெண்டு வாரம் கூட ஆகலை, செப்டம்பர் 3ஆம் தேதி ஆரன் தீவுல பிராடிக் துறையில மோதி இருபதுக்கும் மேற்பட்டவங்களுக்குக் காயம். அந்த சீசன் அதோட காலி. நானா இருந்தா விட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவங்க விடலை. அடுத்த வருஷம் மறுபடி ஓட்டினாங்க.

பெரிய கப்பலா, புகழ் பெற்ற கப்பலா இருந்தா தானா பிழைச்சுக்கும்னு நினைக்காதீங்க. எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் கதையைக் கேளுங்க. 990 அடி நீளம். 1952ல முதல் பயணத்துலயே அட்லாண்டிக்கை மூணு நாள், பத்து மணி, நாப்பது நிமிஷத்துல தாண்டி உலக சாதனை. 1969ல ஓட்டம் நின்னது. 1996ல இருந்து ஃபிலடெல்ஃபியாவில ஒரு துறையில துரு பிடிச்சுக் கிடந்தது. அதைக் காப்பாத்தவும் ஒரு அமைப்பு வருஷக்கணக்கா நிதி திரட்டிச்சு. நிக்கிற இடத்துக்கு வாடகை கட்டவே காசு போயிட்டே இருந்தது. கடைசியில வாடகைத் தகராறு கோர்ட்டுக்குப் போயி, 2024ல இடத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஃபுளோரிடாவில ஒகலூசாங்கற கவுன்டி, மீன்களுக்கு வீடா கடலுக்கடியில மூழ்கடிக்கறதுக்காக அதை விலைக்கு வாங்கிச்சு. 2025 பிப்ரவரியில இழுத்துக்கிட்டுப் போனாங்க.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? வேவர்லியில டிக்கெட் வாங்கி ஏறலாம். பேரனைக் கூட்டிட்டுப் போய், 'இங்கதான்டா நான் உக்காந்து ஐஸ்க்ரீம் சாப்ட்டேன்'னு காட்டலாம். நின்னுக்கிட்டு இருக்கற கப்பலுக்குக் காசு கேட்கறது நினைவுச் சின்னத்துக்குக் கேட்கற மாதிரி. ஓடற கப்பலுக்குக் கேட்கறது வீட்டுப் பெரியவங்க வைத்தியச் செலவுக்குக் கேட்கற மாதிரி. இவ்வளவுதான் விஷயம்னு நினைச்சிருந்தேன், எங்க அப்பா வர்ற வரைக்கும்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

எங்க தாத்தா பினாங்குல ஒரு மளிகைக் கடையில கணக்கு எழுதினவர். அப்பாவுக்கு எட்டு வயசு இருக்கும்போது, 1958ல, பாட்டி அவரைக் கூட்டிக்கிட்டு நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினாங்க. எஸ்.எஸ். ராஜுலா. தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கத்து ஆளுங்களுக்கு இந்தப் பேரை அறிமுகப்படுத்தவே வேண்டாம். வீட்டுக்கு வீடு பரண்ல ஒரு தகரப் பெட்டி இருக்கும், அது ராஜுலாவில வந்ததா இருக்கும். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு வருஷக்கணக்கா நம்ம ஜனங்களை ஏத்தி இறக்கின கப்பல். 1964ல அப்பா திரும்பி வந்ததும் அதுலயேதான்.

2023 ஜூலையில அப்பா எங்களோட ரெண்டு மாசம் இருந்தார். கோட்டை பார்த்தாச்சு, ஏரி பார்த்தாச்சு, மழையும் பார்த்தாச்சு. "கப்பல்ல போலாமாப்பா?"ன்னு கேட்டேன்.

"நான் போகாத கப்பலாடா?"ன்னார். ஆனா மறுநாள் காலையில எங்க எல்லாருக்கும் முன்னாடி ஸ்வெட்டர் மாட்டிக்கிட்டு ரெடியா உக்காந்திருந்தார்.

அறிவியல் மையம் பக்கத்துல கப்பல் ஏறி, கிளம்பின கொஞ்ச நேரத்துலயே வலதுபக்கக் கரையில ஒரு அருங்காட்சியகம் வரும். கூரை கடல் அலை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு இருக்கும். அந்த இடம் பேரு பாயின்ட்ஹவுஸ். முன்னாடி அங்கே இருந்த இங்லிஸ் பட்டறையிலதான் வேவர்லியைக் கட்டினாங்க. பிறந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் தினம் போகுது. இதை அப்பாகிட்ட சொன்னேன். தலையாட்டினார்.

இன்னும் கொஞ்சம் தள்ளி அதே வலதுபக்கம், வொயிட்இஞ்ச். பெரிய கிரேன் ஒண்ணு டி எழுத்து மாதிரி வானத்துல கையை நீட்டிக்கிட்டு நிக்கும். பார்க்ளே கர்ள் கம்பெனியோட எஞ்சின் பட்டறைக்காக 1920ல வச்சது. அந்த கம்பெனி பேரை எங்கயோ பார்த்திருக்கோமேன்னு முந்தின ராத்திரி தேடிப் பார்த்து வச்சிருந்தேன்.

"அப்பா, அந்த கிரேன் தெரியுதா? அந்தக் கம்பெனிதான் ராஜுலாவைக் கட்டினது. 1926ல. இதே ஊர்ல, இதே ஆத்துலதான் இறக்கினாங்க."

அப்பா ஒண்ணும் சொல்லலை. எழுந்து கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். கிரேன் பின்னாடி போயி, சின்னதாகி, மறையற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தார். எட்டு வயசுல நாகப்பட்டினத்துல படகுல போயி, அலையில ஆடிக்கிட்டே ஏணியில ஏறின பையன், அந்த இரும்பு எங்கிருந்து வந்ததுன்னு எழுபத்தி மூணு வயசுல பார்க்கறான்.

அப்புறம் கீழே எஞ்சின் பார்க்கக் கூட்டிட்டுப் போனேன். வேவர்லியில இது ஒரு அற்புதம். எஞ்சினைக் கதவுக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கலை. ரெண்டு பக்கமும் நடைபாதை, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு எல்லாரும் பார்க்கலாம். ஆளுயரத் தண்டுகள் போயிட்டும் வந்துட்டும் இருக்கும், கணுவெல்லாம் எண்ணெய் மினுங்க. 1947ல கிரீனக்ல பண்ணின அதே எஞ்சின், 2100 குதிரைசக்தி. பாய்லர்தான் மாறிக்கிட்டே இருக்கு, எஞ்சின் பழசு. மூணு உருளை. முதல் உருளையைத் தள்ளின ஆவி வெளிய போகாது, ரெண்டாவதுக்குப் போகும், அங்கேயும் வேலை செஞ்சுட்டு மூணாவதுக்குப் போகும். நெல்லைக் குத்தினா அரிசி, தவிடு, உமி எதையுமே வீணாக்காத நம்ம ஊர் கெட்டிக்காரத்தனம் மாதிரி. ராஜுலாவில இருந்ததும் இதே வகைதான், அதுல ரெண்டு எஞ்சின்.

அப்பா மூக்கை உறிஞ்சினார். "இந்த வாசனைதான்டா." சூடான எண்ணெயும் ஈர ஆவியும் கலந்த வாசனை.

"ராஜுலாவில எஞ்சின் பார்த்திருக்கியாப்பா?"

"எங்களை யாருடா அங்க விட்டா? டெக்குல பாய் விரிச்சுப் படுத்துக் கிடந்தோம். தரைக்கு அடியில எங்கயோ திடும் திடும்னு கேட்கும். சூடு ஏறும். அந்த வாசனை வரும். அதுகூட வெங்காய மூட்டை நாத்தம். பாட்டி மூணு நாள் தலையே தூக்கலை, வாந்தி. நான் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்தேன். எத்தனை ஜனம்! காலை வைக்க இடம் கிடையாது."

மிகையில்லை. ராஜுலா 8,478 டன் கப்பல். கட்டின காலத்துல அதுல ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏத்தலாம்னு அனுமதி இருந்தது. பின்னாடி அதைக் குறைச்சாங்க. முதல் வகுப்புல வெறும் முப்பது பேர்.

"இந்தக் கப்பலுக்கு என்ன வயசுன்ன?"

"எழுபத்தாறு. 1974ல உடைக்கப் போயிருக்க வேண்டியது. ஒரு பவுண்டுக்கு வாங்கிக் காப்பாத்திட்டாங்க."

"நம்மது எப்ப போச்சு?"

அதையும் தேடி வச்சிருந்தேன். சொல்லலாமா வேணாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். "1973ல நம்ம நாட்டு ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கினாங்கப்பா. ரங்கத்துனு பேர் மாத்தினாங்க, அந்தமான்ல இருக்கற ஊர் பேரு. 1974ல பம்பாய்ல உடைச்சுட்டாங்க."

"பேரையுமா மாத்தினாங்க?"ன்னார். உடைச்சதைவிட அதுதான் அவருக்கு வலிச்ச மாதிரி இருந்தது.

ஒரே ஆறு. ஒரே வருஷம். ஒண்ணு ஒரு பவுண்டுக்குப் பிழைச்சது, இன்னொண்ணு எடைக்குப் போச்சு. எனக்குக் கொஞ்சம் ஆத்திரமாவே வந்தது. "பார்த்தியாப்பா, இவங்க ஒரு உல்லாசக் கப்பலுக்கு உண்டியல் வச்சுக் காப்பாத்தறாங்க. எத்தனை லட்சம் குடும்பத்தோட சோத்தைச் சுமந்த கப்பல், நம்மாளுங்க ஒருத்தன் கூட ஏன்னு கேட்கலை"ன்னு ஆரம்பிச்சேன். நீங்க படிச்சுப் பழகின அந்த 'நம்ம ஜனங்களுக்கு வரலாற்று உணர்வே கிடையாது' பிரசங்கம்தான். மனசுக்குள்ள ஒரு பதிவே எழுதி முடிச்சிருந்தேன்.

அப்பா குறுக்க வெட்டினார்.

"அப்பவே ராஜுலாவுக்கு உண்டியல் வச்சிருந்தா நான் போட்டிருப்பேனா? மாட்டேன்டா. இங்க பாரு." மேல்தளத்தைக் காட்டினார். கிழவிகள் ஃபிளாஸ்க்ல டீ ஊத்திக்கிட்டு இருந்தாங்க, பொடிசுகள் சக்கரத்துல தெறிக்கிற நுரையை எட்டிப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தது. "இவங்க எல்லாம் கப்பல்ல இருக்கறதுக்காகக் கப்பல் ஏறினவங்க. நாங்க இறங்கறதுக்காக ஏறினோம். எப்படா கரை வரும்னு எண்ணிக்கிட்டே கிடந்தோம். தாத்தா அனுப்பின டிக்கெட்டுக்குக் கடனே ரெண்டு வருஷம் கட்டினார். அந்தக் கப்பலை யாருடா காசு குடுத்துக் காப்பாத்துவான்?"

என் பிரசங்கம் அப்படியே அடங்கிப் போச்சு.

அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, ரோத்சே துறைமுகம் தெரியறப்போ, தானா சொன்னார்: "ஆனா எங்கயாவது இருந்திருந்தா, ஒருதடவை போய்ப் பார்த்திருப்பேன்."

ரெண்டுமே உண்மைதான்னு எனக்குப் படுது. எது பிழைக்குதுன்னு பார்த்தா, ஜனங்க சந்தோஷமா இருந்த இடம்தான் பிழைக்குது. ஞாயித்துக்கிழமை, ஐஸ்க்ரீம், அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன தளம், இதுக்கெல்லாம் காசு குடுக்க ஆள் இருக்கு. ஏறினவங்க எல்லாரும் பக்கத்துலயே, ஒரே ஆத்தங்கரையில குடியிருக்காங்க. ஒரு டீக்கடையில டப்பா வச்சா போதும். ராஜுலாவில போனவங்க நாகப்பட்டினத்துலயும் பினாங்குலயும் சிங்கப்பூர்லயும் சிதறிக் கிடந்தாங்க, மிச்சம் பிடிச்ச காசுக்கெல்லாம் வீட்ல ஏற்கனவே செலவு காத்துக்கிட்டு இருந்தது. அதுக்காக அவங்களுக்கு வரலாற்று உணர்வு இல்லைன்னு சொல்ல எனக்கு இனிமே வாய் வராது. உழைக்கப் போற வழியில ஏறின கப்பலுக்கு யாரும் உண்டியல் வைக்கறதில்லை. எங்கயும். அதுக்கு அப்புறம் வந்த எம்.வி. சிதம்பரமும் 1985ல தீப்பிடிச்சு ஓட்டம் நின்னு போச்சு. அதோட அந்தக் கடல்வழியே நம்ம ஜனங்களுக்கு மூடிடுச்சு.

இறங்கற இடத்துல ஒரு ஆள் உண்டியல் டப்பாவோட நின்னார். நான் போட்டேன். அப்பா பாக்கெட்டைத் தொடவே இல்லை. கறார் மனுஷன். சரின்னு விட்டுட்டேன்.

செப்டம்பர்ல ஊருக்குக் கிளம்பறப்போ, விமான நிலையத்துல, உள்ளே போறதுக்கு முன்னாடி பர்ஸைத் திறந்து மிச்சமிருந்த பவுண்டு எல்லாத்தையும் என் கையில வச்சார். ஒரு இருபது பவுண்டு நோட்டு, கொஞ்சம் சில்லறை.

"அங்க இது செல்லாது. அந்தக் கப்பலுக்குப் போட்ரு."

செல்லாதுதான். திருவாரூர்ல மாத்திக் குடுக்க ஆள் இருக்குன்னு அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டேன்.

வேவர்லி வெயில் காலத்துலதான் ஓடும். குளிர்காலத்துல வறண்ட துறையில ஏத்தி, அடிவயிறு பார்த்து, தகடு மாத்தி, பெயின்ட் அடிக்கணும். டிக்கெட் காசு அதுக்குக் காணாது. அதனால வருஷா வருஷம் குளிர் வந்ததும் மறுபடி நிதி கேட்பாங்க. காப்பாத்தறதுங்கறது ஒரு தடவை செய்யற வேலை இல்லைன்னு இவங்ககிட்ட தான் கத்துக்கிட்டேன். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு கும்பாபிஷேகம் இல்லை இது, தினப்படி விளக்குக்கு எண்ணெய். 2025 மே மாசத்தோட, ஒரு பவுண்டுக்கு வாங்கின அந்தக் கப்பலை அவங்க மறுபடி ஓட்ட ஆரம்பிச்சு ஐம்பது வருஷம் முடிஞ்சது. கம்பெனிக்காரங்க ஓட்டினது இருபத்தி ஏழு வருஷம்தான். உண்டியல்ல ஓடினதுதான் அதிகம்.

குளிர்காலம் வந்தா நானும் பத்து பவுண்டு அனுப்பறேன். தங்கமணி இப்பல்லாம் ஒண்ணும் சொல்றதில்லை. "வீட்டு பாய்லர் சர்வீஸுக்குச் சொல்லியாச்சா?"ன்னு மட்டும் கேட்பாங்க.

ராஜுலாவுக்குக் குடுக்க இடமே இல்லை. அதனால வேற ஒண்ணு செய்யறேன். ஞாயித்துக்கிழமை போன்ல அப்பாகிட்ட ஒவ்வொரு கேள்வியா கேட்டு எழுதி வைக்கறேன். பெட்டியில என்ன இருந்தது, சாப்பாடு யார் போட்டா, ராத்திரி மழை வந்தா டெக்குல எங்க ஒதுங்கினீங்க, இப்படி. நோட்டுல நாப்பது பக்கம் தாண்டிடுச்சு. உங்க வீட்லயும் ராஜுலாவில வந்த பெரியவங்க யாராவது இருந்தா, தயவுசெஞ்சு உக்காந்து கேளுங்க மக்களே. 1964ல வந்த பையனுக்கே இப்ப எழுபதுக்கு மேல. இதுக்கு காசு வேண்டாம், ரசீது புக் வேண்டாம். எழுதினா எனக்கும் ஒரு வரி சொல்லுங்க, வந்து படிக்கறேன்.

எழுதறதுக்குப் போன் பண்ணா, நான் கேள்வியை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அப்பா கேட்கறது ஒண்ணு இருக்கு. பேரன் எப்படி இருக்கான்னு கேட்டு முடிச்சதும், அதே குரல்ல:

"அந்தக் கப்பல் பாய்லர் எப்படிடா இருக்கு?"

நல்லா இருக்குப்பா.